சனிக்கிழமை கடலில் இறங்கலாமா? அலை, காற்று முன்னறிவிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலைச்சறுக்கு கற்க ஆரம்பித்த நண்பர்கள் வியாழக்கிழமை ஆனால் போதும், முன்னறிவிப்புப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பிவிடுவார்கள். கூடவே ஒரே ஒரு வரி: "போகலாமா?" அந்தப் படத்தைப் பார்த்து நீங்களே பதில் சொல்லிக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதனால் இதுவரை என்னிடம் கேட்ட கேள்விகளை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். பாறை இல்லாத, மணல் அடித்தளமும் மெல்லிய சரிவும் உள்ள கடற்கரையை மனதில் வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன். புதியவர்கள் கற்க ஏற்ற இடம் என்றால் அதுதான்.

எல்லாப் பதிலுக்கும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். கிழக்கு பார்த்த ஒரு மணல் கடற்கரை. அடுத்த ஆறு நாள் காலைக்கான முன்னறிவிப்பு இப்படி இருக்கிறது (நாட் என்பது காற்றின் வேக அளவு; விநாடி எதைக் குறிக்கிறது என்று கீழே சொல்கிறேன்):

சனி: அலை 0.5 மீட்டர், 9 விநாடி. காற்று மேற்கிலிருந்து 5 நாட். (மதியம் 2 மணிக்குத் தென்கிழக்கிலிருந்து 14 நாட்.)
ஞாயிறு: 0.5 மீட்டர், 8 விநாடி. காற்று 3 நாட், திசை நிலையில்லை.
திங்கள்: 0.5 மீட்டர், 16 விநாடி. மேற்கிலிருந்து 4 நாட்.
செவ்வாய்: 1.3 மீட்டர், 13 விநாடி. மேற்கிலிருந்து 8 நாட்.
புதன்: 1 மீட்டர், 11 விநாடி. வடகிழக்கிலிருந்து 16 நாட்.
வியாழன்: 0.6 மீட்டர், 10 விநாடி. மேற்கிலிருந்து 6 நாட்.

இத்தனை எண்களில் எதை முதலில் பார்ப்பது?

எல்லோர் கண்ணும் உயரத்தில்தான் போய் நிற்கும். நான் முதலில் விநாடியைப் பார்ப்பேன், அடுத்து காற்று, அப்புறம்தான் உயரம். மேலே சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் அரை மீட்டர் என்றுதான் போட்டிருக்கிறது. உயரத்தை மட்டும் பார்த்தவர் மூன்றும் ஒன்றே என்று நினைத்துவிடுவார். திங்கட்கிழமைக் கடல் முற்றிலும் வேறு கடல்.

அந்த "விநாடி" எதைக் குறிக்கிறது?

ஒரு அலையின் உச்சி ஓரிடத்தைக் கடந்ததிலிருந்து அடுத்த அலையின் உச்சி அதே இடத்துக்கு வந்து சேரும் வரை ஆகும் நேரம். அலை எங்கே பிறந்தது என்பதை அந்த எண்ணே சொல்லிவிடும். பக்கத்தில் அடிக்கும் காற்று கிளப்பிய அலைக்கு 4 முதல் 7 விநாடி இருக்கும்; கரடுமுரடாக, ஒழுங்கில்லாமல் வரும். 12 விநாடிக்கு மேல் என்றால் பெரும்பாலும் வெகு தொலைவில் எங்கோ வீசிய புயலின் அலை. இப்படித் தொலைவிலிருந்து வருவதை ஸ்வெல் என்கிறார்கள். வரும் வழியிலேயே குட்டி அலைகள் எல்லாம் கழிந்து, வரிசை கட்டி, இடைவெளி விட்டு வந்து சேரும்.

விநாடி கூடினால் அலையின் நீளம் மிக வேகமாகக் கூடும். ஆழ்கடலில் விநாடியை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை 1.56 ஆல் பெருக்கினால் நீளம் மீட்டரில் கிடைக்கும். 6 விநாடி அலைக்குச் சுமார் 56 மீட்டர். 10 விநாடிக்கு 156. 14 விநாடிக்கு 306. அலையின் நீளத்தில் பாதி ஆழம் வரை தண்ணீர் அசையும். 14 விநாடி அலை கண்ணுக்கு மேடு போலக்கூடத் தெரியாமல் வரலாம், ஆனால் அதன் கீழே 150 மீட்டர் ஆழம் வரை கடல் அசைந்துகொண்டிருக்கும். அந்தத் தண்ணீர் எல்லாம் ஆழம் குறைந்த மணல்திட்டில் ஏறும்போது எழும்பி நிற்கும்.

0.5 மீட்டர் என்று போட்டிருந்தால் கரையில் எவ்வளவு உயரம் இருக்கும்?

பெரும்பாலான பக்கங்கள் தருவது கடலில், கரைக்குச் சற்று வெளியே உள்ள உயரம். கரையை நெருங்கி உடையும்போது அது கூடும். எவ்வளவு கூடும் என்பதை விநாடிதான் தீர்மானிக்கிறது. நம் உதாரணத்தில் சனிக்கிழமையின் அரை மீட்டர் உடையும்போது ஏறக்குறைய 0.8 மீட்டர் ஆகும். திங்கட்கிழமையின் அதே அரை மீட்டர் ஒரு மீட்டரைத் தாண்டும். செவ்வாய்க்கிழமையின் 1.3 மீட்டர், 2 மீட்டர் உயரத்துக்கு எழும்பும். அது ஆள் உயரத்தை விடப் பெரிது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அந்த எண் ஒரு சராசரி. வரும் அலைகளில் பெரியதாக உள்ள மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்துக் கணக்கிட்ட சராசரி. ஆயிரம் அலை வந்தால் அதில் ஒன்று அந்த எண்ணைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இருக்கும். 10 விநாடிக்கு ஒன்று என்று வைத்தால் ஆயிரம் அலை வர மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். அதாவது ஒரு காலைப் பொழுதில் அப்படி ஒன்றை நீங்கள் சந்திக்கத்தான் போகிறீர்கள். "முன்னறிவிப்பு பொய்யாகிவிட்டது" என்று பலர் சொல்வது இந்த ஒரு அலையைப் பார்த்துவிட்டுத்தான்.

இந்தக் கணக்கின் வரலாறு நமக்கு ரொம்பவே நெருக்கமானது. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகள் படகுகளில் கரையிறங்க வேண்டியிருந்தது. எந்த நாளில் அலை அதற்கு இடம்கொடுக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல ஹரால்ட் ஸ்வெர்ட்ரப், வால்டர் மங்க் என்ற இரு கடலியலாளர்கள் ஒரு முறையை உருவாக்கினார்கள். இந்த "மூன்றில் ஒரு பங்கு" அளவு அங்கிருந்து வந்ததுதான். அலை எப்போது தாழும் என்பதே அன்று அவர்கள் முன் இருந்த கேள்வி. பலகையோடு நிற்கும் புதியவரின் கேள்வியும் அதுவே.

அப்படியானால் உயரம் கொஞ்சம் கூடினால் என்ன ஆகிவிடும்?

அலையின் ஆற்றல் உயரத்தின் இருமடியாகக் கூடுகிறது. உயரம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு. விநாடியும் சேர்ந்து கூடினால் இன்னும் மேலே போகும். சனிக்கிழமையையும் செவ்வாய்க்கிழமையையும் ஒப்பிட்டால் உயரம் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். ஆனால் கரைக்கு வந்து சேரும் ஆற்றல் ஏறக்குறைய பத்து மடங்கு. 0.5-க்கும் 1.3-க்கும் தாளில் சின்ன வித்தியாசம்தான் தெரிகிறது. தண்ணீருக்குள் போனால் பலகை கையில் நிற்காது.

திங்கட்கிழமை கடல் அமைதியாகத்தானே தெரியும்? ஏன் எச்சரிக்கிறீர்கள்?

அமைதியாகத் தெரிவதால்தான் எச்சரிக்கிறேன்.

தொலைவில் ஒரு புயல் வெவ்வேறு விநாடி கொண்ட அலைகளை ஒரே சமயத்தில் கிளப்பிவிடுகிறது. நீண்ட விநாடி அலைகளுக்கு வேகம் அதிகம், அவை முந்திக்கொள்ளும். 16 விநாடி அலைக்கூட்டம் மணிக்குச் சுமார் 45 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். 10 விநாடிக் கூட்டம் சுமார் 28 கிலோமீட்டர்தான். புயல் 5000 கிலோமீட்டர் தொலைவில் என்றால் முதலாவது நாலரை நாளில் வந்துவிடும், இரண்டாவதற்கு ஏழு நாளுக்கு மேல் ஆகும். நம் உதாரணத்தில் திங்கள் 16, செவ்வாய் 13, புதன் 11, வியாழன் 10 என்று விநாடி படிப்படியாக இறங்குவதைக் கவனியுங்கள். ஒரே புயலின் அலைகள் வரிசையாக வந்து சேர்கின்றன. 1963-இல் மங்க் தலைமையில் நியூசிலாந்து முதல் அலாஸ்கா வரை அளவுக் கருவிகள் வைத்துப் பார்த்தார்கள். தென்கோடிக் கடலில் கிளம்பிய அலைகள் பசிபிக் முழுவதையும் கடந்து வடகோடிக்குப் போய்ச் சேர்ந்ததை அந்தக் கருவிகள் காட்டின.

ஆக, திங்கட்கிழமையின் 0.5 மீட்டர் ஒரு பெரிய வரவின் முன்தூது. நேரம் ஆக ஆகக் கூடிக்கொண்டே போகும். நீண்ட விநாடி அலைகள் நாலைந்து சேர்ந்து ஒரு கூட்டமாக வரும், அதற்கு செட் என்று பெயர். ஒரு செட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே பல நிமிடம் கடல் குளம் போலக் கிடக்கும்.

நான் கற்க ஆரம்பித்த முதல் வருடம், இப்படி ஒரு காலையில்தான் மாட்டிக்கொண்டேன். கரைக்கு வந்து மூன்று நிமிடம் பார்த்தேன், முழங்கால் அளவு அலை. உடனே இறங்கிவிட்டேன். இடுப்பளவுத் தண்ணீரில் பலகையைத் திருப்பிக்கொண்டிருந்தபோது கால் பக்கத்துத் தண்ணீர் கடலை நோக்கி உறிஞ்சப்பட்டது. இடுப்பில் இருந்த தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியது. நிமிர்ந்து பார்த்தால் அடிவானத்தில் ஒரு கறுத்த கோடு. முதல் அலை பலகையைப் பிடுங்கியது, இரண்டாவது என்னை மணலில் உருட்டியது. மூன்றாவது வரும்போது காலில் கட்டியிருந்த கயிறு பலகையை இழுத்துக்கொண்டு வந்து தோளில் இடித்தது. பெரிய காயம் இல்லை. அன்றிலிருந்து விநாடியைப் பார்க்காமல் நான் கடலுக்குக் கிளம்பியது கிடையாது.

"அலை எப்போது ஓய்வது, தலை எப்போது முழுகுவது" என்று நம்மில் சொல்வார்கள். நீண்ட விநாடி நாளில் அலை ஓய்ந்தது போலத்தான் இருக்கும். அதை நம்பி முழுகப் போகாதீர்கள்.

காற்று எந்தப் பக்கமிருந்து வந்தால் நல்லது?

காற்றுக்கு அது எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசையின் பெயர்தான். மேற்குக் காற்று என்றால் மேற்கிலிருந்து வருவது. அம்புக்குறி மட்டும் போகும் திசையைக் காட்டும். புதியவர்கள் பெரும்பாலும் குழம்புவது இங்கேதான். நம் கடற்கரை கிழக்கு பார்த்தது, ஆகவே மேற்குக் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும் கரைக்காற்று. அது அலையின் முகத்தில் எதிரே வீசி, உடைவதைத் தாமதப்படுத்தும். அலை வழவழவென்று ஒழுங்காக நிற்கும். கிழக்கு, வடகிழக்கு, தென்கிழக்கு என்றால் கடற்காற்று. அது அலையை முதுகில் தள்ளி அரைகுறையாக உடைத்துவிடும், எங்கு பார்த்தாலும் சிற்றலையாகக் குழம்பிக் கிடக்கும். கரைக்கு இணையாக வீசும் காற்று இரண்டுக்கும் நடுவே. ஆனால் அது உங்களையும் பலகையையும் கரையோரமாகவே தள்ளிக்கொண்டு போகும். அரை மணி நேரத்தில் நீங்கள் இறங்கிய இடம் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருக்கும்.

எத்தனை நாட் வரை பரவாயில்லை?

ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். 5 நாட்டுக்குள் என்றால் கடல் கண்ணாடி மாதிரி. 10 வரை புதியவர்கள் சமாளிக்கலாம். 10-ஐத் தாண்டினால் கற்றுக்கொள்வதை விடப் போராடுவதே அதிகமாகிவிடும். 15-ஐத் தாண்டிய கடற்காற்றில் நான் யாரையும் இறங்கச் சொல்ல மாட்டேன். காற்றின் அழுத்தமும் வேகத்தின் இருமடியாகக் கூடுவதுதான் காரணம்: 20 நாட் காற்று 10 நாட்டை விட நான்கு மடங்கு பலமாகத் தள்ளும். கற்பவர்கள் வைத்திருக்கும் எட்டு, ஒன்பது அடி ஃபோம் போர்டு அந்தக் காற்றில் ஒரு பாய் விரித்த படகுதான். மணலில் தூக்கிக்கொண்டு நடக்கும்போதே பலகை உங்களைச் சுழற்றுகிறதா? அன்றைக்குக் காற்று அதிகம்.

எண் இல்லாமலும் கண்டுபிடிக்கலாம். 1805-இல் பிரான்சிஸ் போஃபோர்ட் என்ற கடற்படை அதிகாரி காற்றுக்கு ஓர் அளவுகோல் வகுத்தார். பின்னாளில் அதில் சேர்ந்த கடல் அடையாளங்கள் இன்றும் அப்படியே பொருந்தும்: நடுக்கடலில் வெள்ளைத் தலை எதுவும் இல்லை என்றால் 6 நாட்டுக்குள். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்தால் 7 முதல் 10. பரவலாகத் தெரிந்தால் 11-க்கு மேல். காற்றின் சராசரிக்குப் பக்கத்தில் இன்னொரு எண் இருந்தால் அது திடீர் வீச்சின் வேகம். இரண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தால் அந்தப் பெரிய எண்ணை வைத்தே முடிவெடுங்கள்.

கரைக்காற்று நல்லது என்றீர்களே, அப்படியானால் பயமில்லையா?

அலைக்கு நல்லது. நீச்சல் பழகாதவருக்கு அப்படிச் சொல்ல முடியாது. கரையோரத்தில் மரங்களும் கட்டடங்களும் மணல்மேடும் காற்றை மறைக்கும், தண்ணீரும் அமைதியாகத் தெரியும். ஐம்பது மீட்டர் உள்ளே போனதும் மறைப்பு நீங்கி, காற்று முழுப் பலத்துடன் முதுகில் பிடித்துக் கடலுக்குள் தள்ளும். பலகையில் படுத்து ஓய்வெடுத்தால்கூடக் கரை விலகிக்கொண்டே போகும். நின்று துடுப்பு போடும் பலகைகளிலும் காற்றடைத்த மிதவைகளிலும் ஏறுபவர்களுக்கு இதுதான் முதல் ஆபத்து. கரைக்காற்று 10 நாட்டைத் தாண்டினால் கால் தரையில் எட்டும் இடத்தை விட்டு நகராதீர்கள்.

எல்லோரும் ஏன் விடியற்காலையே போகச் சொல்கிறார்கள்?

வெயில் ஏற ஏற நிலம் சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாகத்தான் சூடாகும். நிலத்தின் மேலே உள்ள சூடான காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வரும். முற்பகலில் தொடங்கி மதியத்துக்குப் பிறகு உச்சிக்குப் போகும், சூரியன் சாய்ந்த பின் அடங்கும். இரவில் நிலம் முதலில் குளிர்ந்துவிடுவதால் காற்று திரும்பி, கரையிலிருந்து கடலுக்கு மெல்ல வீசும். விடிந்ததும் கிடைக்கும் வழவழப்பான கடல் அந்த இரவுக் காற்றின் மிச்சம். சனிக்கிழமை காலை மேற்கு 5 நாட், மதியம் தென்கிழக்கு 14 நாட் என்று மாறுவது இதனால்தான். வானம் மூடியிருக்கும் நாளில் மதியமும் காற்று அவ்வளவாக எழும்பாமல் போகலாம். தூங்கி எழுந்து சாவகாசமாகக் கிளம்புபவர்களுக்கு அந்த நாள்தான் கைகொடுக்கும்.

எத்தனை நாளைக்கு முந்தைய முன்னறிவிப்பை நம்பலாம்?

அலையையும் காற்றையும் பிரித்துப் பாருங்கள். தொலைதூர அலை ஏற்கெனவே கிளம்பி வழியில் வந்துகொண்டிருக்கிறது. அது எப்போது சேரும் என்பது பெரும்பாலும் கணக்குதான். அதனால் நாலைந்து நாள் முன்பே ஓரளவு துல்லியமாகத் தெரியும். உள்ளூர்க் காற்று அப்படியில்லை, அன்றன்றைய வெயிலும் மேகமும் தீர்மானிப்பது. இரண்டு நாளுக்கு முந்தைய காற்றுக் கணிப்பை நான் பென்சிலில் எழுதியதாகவே எடுத்துக்கொள்வேன். முந்தைய நாள் இரவு ஒரு முறை, கிளம்பும் முன் ஒரு முறை பாருங்கள். ஒரு வாரத்துக்கு மேற்பட்ட எண்களை வைத்து விடுப்பு எடுக்க வேண்டாம்.

இரண்டு ஆப் இரண்டு விதமாகச் சொல்கிறதே?

பெரும்பாலான ஆப்கள் ஒரு சில கணினி மாதிரிகளையே அடிப்படையாகக் கொண்டவை. அமெரிக்க அரசின் வானிலை, கடல் ஆய்வு நிறுவனமான நோவாவின் ஜிஎஃப்எஸ் ஒன்று, அலைக்கு அதே நிறுவனத்தின் வேவ்வாட்ச் 3, ஐரோப்பிய நடுத்தரக்கால முன்னறிவிப்பு மையத்தின் மாதிரி இன்னொன்று. இவை கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. ஒரு கட்டம் பல கிலோமீட்டர் அகலம். உங்கள் கடற்கரையின் மணல்திட்டு, பக்கத்து மேடு, படகுத் துறையின் கல்கட்டு எதுவும் அந்தக் கட்டத்துக்குத் தெரியாது. மதியம் கிளம்பும் கடற்காற்றைக்கூடச் சில மாதிரிகள் குறைத்துத்தான் காட்டும்.

இரண்டும் ஒத்துப்போனால் நம்பிக்கை கூடும். முரண்பட்டால் மோசமானதை எடுத்துக்கொள்ளுங்கள். இதை விட நல்ல வழி ஒன்று இருக்கிறது: ஒரே ஆப்பை வைத்துக்கொண்டு, போகும்போதெல்லாம் அது சொன்னதையும் நீங்கள் பார்த்ததையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். "0.6, 9 விநாடி, வற்றம் (கடல் நீர் இறங்கிய நேரம்): இடுப்பளவு, நன்றாக இருந்தது." இருபது வரி சேர்ந்தால் உங்கள் கடற்கரையைப் பற்றி எந்த ஆப்புக்கும் தெரியாதது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஆப்பில் அந்த நாளுக்கு நட்சத்திர மதிப்பெண்ணே இல்லை, "மோசம்" என்று போட்டிருக்கிறது. போவது வீணா?

அந்த மதிப்பெண் தேர்ந்தவர்களுக்கானது. நம் உதாரணத்தில் செவ்வாய்க்கிழமைக்கு நட்சத்திரங்களை அள்ளிக் கொடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றுகூடக் கிடைக்காது. புதியவர் எழுந்து நிற்கப் பழகுவது உடைந்து நுரையாகி வரும் அலையில். அதற்கு ஞாயிறுதான் பொன்னான நாள். அலை தன் உயரத்தைப் போல் சுமார் 1.3 மடங்கு ஆழத்தில் உடையும். முக்கால் மீட்டர் அலை உடைவது ஒரு மீட்டர் ஆழத்தில், அதாவது இடுப்பளவுத் தண்ணீரில். அங்கிருந்து கரை வரை காலூன்றி நின்றே பயிற்சி செய்யலாம். இதுவே இரண்டு மீட்டர் அலை என்றால் இரண்டரை மீட்டர் ஆழத்தில் உடையும், அங்கே யாருக்கும் கால் எட்டாது.

ஏற்றவற்றம் (கடல் நீர்மட்டம் ஏறி இறங்குவது) முக்கியமா?

முக்கியம், ஆனால் கடற்கரைக்குக் கடற்கரை மாறும். பல இடங்களில் ஏற்றம் ஒன்றிலிருந்து அடுத்தது வர 12 மணி 25 நிமிடம். அதனால் மறுநாள் அதே நிலை சுமார் 50 நிமிடம் தள்ளி வரும். ஆறு மணி நேர இடைவெளியில் நடு இரண்டு மணி நேரத்தில்தான் பாதி அளவு தண்ணீர் ஏறும் அல்லது இறங்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இந்த வித்தியாசம் அதிகம்.

நல்ல ஏற்றத்தில் அலை கரையோரச் செங்குத்துச் சரிவில் வந்து மொத்தமாக மடிந்து விழலாம். கழுத்துக்கும் முதுகுக்கும் அது நல்லதல்ல. நல்ல வற்றத்தில் மணல்திட்டில் தண்ணீர் மிகக் குறைந்து, திட்டுகளுக்கு நடுவே உள்ள வாய்க்கால்களில் இழுப்பு கூடும். எந்தக் கடற்கரை என்று தெரியாமல் கேட்டால், வற்றத்திலிருந்து ஏறிவரும் நடுப்பகுதியில் போகச் சொல்வேன்.

கரைக்குப் போனதும் என்ன பார்க்க வேண்டும்?

பலகையைக் கீழே வைத்துவிட்டுப் பதினைந்து நிமிடம் நில்லுங்கள். நீண்ட விநாடி நாள் என்றால் இருபது. ஒரு செட்டாவது முழுதாக வந்து போவதைப் பார்க்காமல் இறங்கக் கூடாது. போன் கடிகாரத்தை வைத்து, ஒரு அலை உடைந்த இடத்தில் அடுத்தது உடைய எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். முன்னறிவிப்பு 9 என்று சொல்லி நீங்கள் எண்ணுவது 14 என்றால், எதிர்பார்த்த அலைக்குப் பதில் வேறு ஒன்று வந்துவிட்டது.

அடுத்து, அலை உடையாத இடத்தைத் தேடுங்கள். இருபுறமும் நுரை, நடுவே மட்டும் கறுத்து அமைதியான ஒரு பாதை. புதியவர் அதைத்தான் பாதுகாப்பான இடம் என்று நினைத்து இறங்குவார். அது இழுப்பு நீரோட்டம், ரிப் என்பார்கள். கரைக்கு வந்து குவிந்த தண்ணீர் கடலுக்குத் திரும்பும் வழி. அந்தப் பாதையில் நுரைத் துணுக்கும் பாசியும் கடலை நோக்கி நகர்வதைப் பார்க்கலாம். ஒரு குச்சியை எறிந்து பார்த்தாலும் தெரியும். சாதாரணமாக விநாடிக்கு அரை மீட்டர் அளவில் ஓடும். பெரிய அலை நாளில் 2 மீட்டரையும் தாண்டும். அந்த வேகத்துக்கு எதிராக ஒலிம்பிக் நீச்சல் வீரரும் முன்னேற முடியாது.

இழுப்பில் மாட்டினால்?

பலகையை விடாதீர்கள். உங்களை மிதக்க வைப்பது அதுதான். படுத்துக்கொள்ளுங்கள், மூச்சை நிதானப்படுத்துங்கள். கரையை நோக்கி நேராகப் போராட வேண்டாம். இழுப்பு உங்களைத் தண்ணீருக்கடியில் இழுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். பாதை பெரும்பாலும் குறுகலானது. கரைக்கு இணையாக, நுரை உடையும் பக்கம் நோக்கிக் கையால் துழாவி நகருங்கள். அங்கே வரும் நுரை அலை உங்களைக் கரைக்குத் தள்ளும். முடியவில்லை என்றால் மிதந்தபடியே ஒரு கையை உயர்த்தி ஆட்டுங்கள். ஆடும் கை என்றால் உதவி தேவை என்று உயிர்காப்பாளர்களுக்குப் புரியும்.

கொடிகளின் நிறத்துக்கு என்ன பொருள்?

மேலே சிவப்பு, கீழே மஞ்சள்: உயிர்காப்பாளர் கண்காணிக்கும் பகுதி, குளிப்பவர்களுக்கு. கறுப்பு வெள்ளைக் கட்டம்: பலகைகளுக்கான பகுதி. முழுச் சிவப்பு: இறங்கக் கூடாது. ஆரஞ்சு நிறக் காற்றுப் பை தொங்கினால் கரைக்காற்று பலமாக இருக்கிறது, மிதவைகள் வேண்டாம். சில நாடுகளில் சிறு மாற்றங்கள் உண்டு, கரையில் உள்ள அறிவிப்புப் பலகையைப் படித்துவிடுங்கள்.

மழையும் இடியும் இருந்தால்?

மழை மட்டும் என்றால் இறங்கலாம். இடிச் சத்தம் கேட்டால் உடனே வெளியேறி, கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்தே திரும்புங்கள். கனமழைக்குப் பின் ஆற்று முகத்துவாரத்துக்கும் வடிகாலுக்கும் பக்கத்தில் இரண்டு மூன்று நாள் இறங்காமல் இருப்பது நல்லது. அசுத்தத் தண்ணீர் எல்லாம் அங்கேதான் வந்து சேரும்.

நேரலைக் கேமராவில் பார்த்தால் போதாதா?

காற்றைக் கணிக்கப் போதும். உயரத்துக்குப் போதாது. உயரமான கம்பத்திலிருந்து பார்க்கும் கேமராவில் எந்த அலையும் தட்டையாகத்தான் தெரியும். திரையில் ஒரு ஆள் நிற்கும் வரை காத்திருந்து, அவர் உடம்போடு அலையை ஒப்பிட்டுப் பாருங்கள்.

சரி, அந்த ஆறு நாளில் நீங்கள் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்?

முதன்முறை இறங்குபவரோடு என்றால் ஞாயிறு காலை. அலை சின்னது, விநாடி குறைவு, காற்றே இல்லை எனலாம். சனி காலையும் சரி, ஆனால் பத்து மணிக்கு முன் வெளியே வந்துவிட வேண்டும். திங்கட்கிழமை அதிகாலையில் போய்க் கரையில் உட்கார்ந்து செட்டுகளை எண்ணுவேன். புதியவரை முழங்கால் ஆழத்துக்கு மேல் விட மாட்டேன், செட்டுகளில் அலை பெரிதாகிக்கொண்டே வந்தால் அதற்கும் விட மாட்டேன். செவ்வாய்க்கிழமை தேர்ந்தவர்கள் அலையேறுவதைக் கரையில் நின்று பார்க்கலாம். எங்கே காத்திருக்கிறார்கள், எந்த அலையை விட்டுவிடுகிறார்கள் என்று கவனித்தால் அதுவே ஒரு பாடம். புதன்கிழமை வீட்டில் இருப்பேன், 16 நாட் கடற்காற்றில் யாருக்கும் சுகமில்லை.

எழுந்து நிற்கப் பழகிவிட்டு, உடையாத அலையை முதன்முறை பிடிக்கப் பார்ப்பவர் என்றால் வியாழக்கிழமை. 10 விநாடி, 0.6 மீட்டர், மெல்லிய கரைக்காற்று. ஆனால் உடையும் இடத்தில் அலை ஒரு மீட்டர் இருக்கும், கூட ஒருவர் வேண்டும். புதன் இரவு காற்றை மறுபடி பாருங்கள். மேற்கு என்று போட்டிருந்தது மாறாமல் இருந்தால் அலாரத்தை ஐந்து மணிக்கு வைத்துவிடலாம்.